ஆராய்ச்சிக் கழனியும் நம்மவர் கொல்லையும்

சென்ற மாசி மாதத்தில் கிளியூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஒரு விவகாரம் எழுந்தது. அங்கத்தினருள் வாலிபர் சிலர், இனி நம்மவர் காப்பிக்கும் மிளகுக்கும் இரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் நிறுத்தி, இயற்கை வேளாண்மைக்குத் திரும்புதல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தனர். ஆதரித்துப் பேசியோர் பலர். எதிர்த்துப் பேசியவர் எவருமிலர். ஆயினும் பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "இதை யார் கொல்லையில் செய்து பார்த்தீர்கள்? எத்தனை போகம் பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். சபையில் எவரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அக்கேள்வியை நாம் தடையாகக் கருதவில்லை. உழவன் ஒருவன் பழக்கம் மாறுவது எதனால் என்று ஆராய்ந்தவர் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுவே. ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தது எவ்வழியாய் உழவன் கொல்லைக்கு வந்து சேர்ந்தது, எங்கே வழியில் நின்றுபோயிற்று என்பதை நம் மலையின் சரித்திரத்தைக் கொண்டே இங்கு எழுதத் துணிந்தோம்.

கிளியூரின் இருப்பை முதலில் நினைவு கூர்தல் நலம். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூர் அருவியாய் முந்நூறடி ஆழத்தில் வீழ்கிறது. மேட்டிலே உள்ளவன் தன் செடிக்குத் தெளிப்பதும் தூவுவதும் மழைக்குக் கரைந்து எத்திசை செல்லும் என்பதை நம்மவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் இவ்விஷயம் விற்பனை விலையை மாத்திரம் பற்றியதன்று; பள்ளத்தில் நீர் முகக்கும் வீட்டாரையும் பற்றியது.

சேர்வராயன் மலையில் காப்பி வந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை இதனை இங்கே பயிராக்கினார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அக்காலத்தில் ஆராய்ச்சி நிலையம் என்பதொன்று இல்லை. ஒரு துரை செய்ததை மற்றொரு துரை பார்த்துச் செய்வார். அவர்கள் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் அதைப் பார்த்துத் தம் வீட்டுப் புறத்தில் நான்கு செடி வைப்பர். அறிவு பரவியதெல்லாம் இவ்வளவே.

இம்முறையின் பலவீனம் 1869-இல் வெளியாயிற்று. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்தடுத்துத் தென்னிந்தியாவிலும் பரவியது. மார்ஷல் வார்டு என்னும் தாவர சாஸ்திரி 1880 முதல் 1882 வரை இலங்கையிலிருந்து ஆராய்ந்து, இது ஒரு பூஞ்சணத்தால் வருவதென்றும், இடைவெளியின்றி ஒரே பயிரைக் காடு காடாய் நட்டதே அது பரவ வழி செய்ததென்றும் காட்டினார். உண்மை வெளிப்பட்டது, காப்பியோ பிழைக்கவில்லை. தமிழ்க் குடிகள் உதிரம் சிந்தி வளர்த்த காப்பிக் காடுகள் தேயிலைக் காடுகளாயின. நிலையமும் தோட்டமும் கைகோக்கப் பல ஆண்டு பிந்தியதன் விலை அது.

கைகோத்தல் தொடங்கியது 1925-இல், மைசூர் இராச்சியத்துச் சிக்கமகளூரைச் சார்ந்த பாலெஹொன்னூரில் காப்பிப் பரிசோதனை நிலையம் ஏற்பட்டபோதுதான். இங்கே நம்மவர் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் செடியை முதலில் கண்டெடுத்தவர் நிலையத்து சாஸ்திரியல்லர். கெண்ட் என்னும் தோட்டக்காரர், ஏறக்குறைய 1911-இல், தம் மைசூர்த் தோட்டத்தில் நோயுற்ற செடிகளினிடையே தழைத்து நின்ற ஒன்றைக் கண்டு, அதன் விதையைப் பிரித்தெடுத்தார். அவர் பெயராலேயே அவ்வகை இன்றும் வழங்கும். நிலையத்தார் அதனைப் பிறிதொரு வகையோடு கலந்து எஸ். 795 என்ற இனத்தை உண்டாக்கி, 1940-களில் தோட்டக்காரர்க்கு வழங்கினர். இன்று நம் மலையில் நிழலின்கீழ் நிற்கும் காப்பிகளுள் இதன் வமிசம் மிகுதி. தோட்டக்காரன் கண்டது நிலையத்திற்குப் போய், நிலையம் திருத்தியது மீண்டும் தோட்டத்திற்கு வந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைத் தெளிக்கும் செலவு குறைந்ததெல்லாம் இந்தப் போக்குவரத்தால்தான்.

இக்கயிறு கடல் கடந்தும் நீண்டது. போர்த்துக்கல் தேசத்தில் 1955-இல் காப்பித் துரு ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் ஏற்பட்டு, பல தேசத்துத் துருக்களைத் தருவித்துச் சோதித்து, தீமோர்த் தீவில் கண்ட ஒரு கலப்புச் செடியின் வழிவந்த விதைகளைப் பல நாடுகளுக்கும் அனுப்பியது. அவ்வழியில் வந்ததே நம் நாட்டில் காவேரி என்று பேர்பெற்ற இனம். சில ஆண்டுகளில் துருவும் தன் உருவை மாற்றிக்கொண்டு அதனையும் பற்றியது என்பதை மறைத்தல் கூடாது. நிலையத்தார் கொடுக்கும் எதனையும் வேதவாக்காய்க் கொள்ளலாகாது என்பதற்கு இஃதொன்றே போதும்.

பிறிதொன்றும் உண்டு. காப்பித் தண்டைத் துளைக்கும் வெள்ளைப் புழுவுக்கு லிண்டேன் பூசும்படியும், 1990-இல் நீலகிரியைச் சார்ந்த கூடலூரில் முதன்முதல் காணப்பட்ட காய்த் துளைப்பானுக்கு எண்டோசல்பான் தெளிக்கும்படியும் ஒரு காலத்தில் தோட்டக்காரர்க்குச் சொல்லப்பட்டது. 2011-இல் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடுத்தது. லிண்டேனும் பின்னர்த் தடைப்பட்டது. சொன்னவர் மாற்றிக்கொண்டனர், தெளித்தவர் உடம்பு மாற்றிக்கொள்ள முடியுமோ? ஆயினும் அதே நிலையத்தார்தாம், காய்த் துளைப்பானை அடக்கப் பூச்சியைக் கொல்லும் ஒருவகை வெண்பூஞ்சணத்தையும், உதிர்ந்த காயையும் செடியில் தங்கிய காயையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடும் முறையையும், பொறிகளையும் கற்பித்தனர். விஷமின்றிக் காப்பி செய்ய விரும்புவோர்க்கு இன்று கைகொடுப்பவை இவையே. ஒரே நிலையம் விஷத்தையும் கொடுத்தது, விஷமில்லா வழியையும் கொடுத்தது. வேறுபாடு கேட்டவர் கேட்ட கேள்வியில் இருந்தது என்பது நம் அபிப்பிராயம்.

நிற்க. மேற்சொன்ன கயிறெல்லாம் காப்பித் தோட்டக்காரனுக்கு எட்டியது. தோட்டக்காரர்கள் சங்கமாய்க் கூடினர். 1893-இல் தென்னிந்தியத் தோட்டக்காரர் ஐக்கிய சங்கம் பெங்களூரில் ஏற்பட்டது. 1942-இன் சட்டத்தால் காப்பி போர்டு நிலைபெற்றது. ஆனால் அதே மலையில் சாமையும் கேழ்வரகும் தினையும் விதைத்து, எருவிட்டு, விதை கட்டிவைத்து, தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மலையாளிக் குடிகளின் கொல்லைக்கு எந்த நிலையத்தாரும் நெடுங்காலம் படியேறவில்லை. (மலையாளி என்பது மலையை ஆள்வோன் என்னும் பொருளது, கேரள தேசத்தாரைக் குறிப்பதன்று என்பதை நம் இளைஞர்க்குச் சொல்லிவைப்போம்.) நம்மவரும் அவர்கள் கொல்லையைத் தாண்டித்தான் காப்பித் தோட்டத்திற்குப் போனோம், நின்று கேட்டதில்லை. இன்று நாம் "இயற்கை" என்று புதிதாய்ப் பேசுவதில் பாதி அங்கே பழையது.

நின்று கேட்ட ஒருவரைப் பற்றி இனிச் சொல்லுவோம். ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயர் 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்குத் தாவர சாஸ்திரியாய் வந்தார். இந்திய உழவருக்குக் கற்பிக்க வந்தவர், அக்கம்பக்கத்து உழவர் விஷமருந்தின்றியே பயிரைக் காப்பதைக் கண்டு, அவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தம் ஆசிரியராய்க் கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1924-இல் இந்தூரில் ஒரு நிலையம் அமைத்து, யஷ்வந்த் வாட் என்னும் இரசாயன சாஸ்திரியுடன் கூடி, தழை, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காய் இட்டு, நனைத்து, கிளறி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையைச் சீர்செய்தார். அம்முறையை விளக்கும் நூல் 1931-இல் வெளிவந்தது. இவர் செய்தது முழுதும் புதியதன்று. சீன தேசத்தாரும் நம் உழவரும் அறிந்திருந்ததை அளவும் நாளும் குறித்து வரிசைப்படுத்தியதே இவர் பெருமை. எழுதி வைத்தமையால் அது பயணம் செய்தது. 1933-இல் ஆப்பிரிக்காவில் நைரோபிக்கு அண்மையிலிருந்த ஒரு காப்பித் தோட்டத்தில் இம்முறை தொடங்கியது; ஒருவர் தோட்டத்தைப் பார்த்து மற்றவரென்று தேயிலை, காப்பி, கற்றாழைத் தோட்டங்களிலெல்லாம் பரவியது. 1940-இல் அவர் எழுதிய மற்றொரு நூல் சீமையிலும் அமெரிக்காவிலும் இயற்கை வேளாண்மைச் சங்கங்கள் தோன்ற வித்தாயிற்று. இன்று மேல்நாட்டார் நமக்கு உபதேசிக்கும் இயற்கை வேளாண்மை, நம் தேசத்துச் சாணத்திலிருந்து கப்பலேறிப் போனதென்று சொன்னால் மிகையாகாது.

நம் கோயமுத்தூரும் இதில் பின்னிடவில்லை. அங்கே 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல்கள், தொழு உரமிட்டது, இரசாயன உரமிட்டது, ஒன்றும் இடாதது என வெவ்வேறு பாத்திகளாக நூறாண்டுக்கு மேல் நடந்துவருகின்றன. அவ்வயல் தானியத்தைக் கொண்டு, சர்க்கார் வேளாண்மை இரசாயனி விசுவநாத் என்பாரும் குன்னூரில் ஆராய்ந்த டாக்டர் மக்காரிசனும், எருவிட்டு விளைந்த தானியம் போஷணையில் மேம்பட்டதென்று 1926-இல் வெளியிட்டனர். அம்முடிவு பற்றி அறிஞரிடையே இன்றளவும் விவாதம் உண்டு. ஆனால் எருவைப் பற்றிய கேள்வியை நம் நாட்டு நிலையமே கேட்டது என்பதில் விவாதமில்லை.

கேட்ட கேள்வி ஏன் உழவனிடம் போய்ச் சேரவில்லை? பஞ்ச காலமும் ஜனத்தொகையும் நெருக்க, 1960-களில் குட்டை நெல்லும் யூரியாவும் வந்தன. அவற்றுடன் கடன் வந்தது, கடை வந்தது, கிராம சேவகர் வந்தார். எருக்குழிக்கு அவ்வாறு ஆள் வைத்தவர் இல்லை. அக்காலத்தில் விளைவு பெருகிப் பசி தணிந்தது; நன்றி மறத்தல் தகாது. மானாவாரிக் கொல்லைக்காரனோ பட்டியலில் இல்லை.

அந்நிலையில் நிலையத்தினுள்ளிருந்தே ஒருவர் வெளிவந்தார். தஞ்சை ஜில்லாவில் 1938-இல் பிறந்த நம்மாழ்வார், 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பருத்திக்கும் சிறுதானியத்திற்கும் உர அளவு சோதித்துவந்தார். வானம் பார்த்த பூமியில் காசில்லா உழவனுக்கு விலையுயர்ந்த விதையையும் உரத்தையும் சொல்லுதல் வீண் என்று கண்டு, வேலையை விட்டார். பின்னர் 1979-இல் குடும்பம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1987-இல் ஹாலந்து தேசத்தில் சூழலொத்த வேளாண்மை பற்றி நான்கு வாரப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1990-இல் புறவிடுபொருள் குறைந்த வேளாண்மைக்கென உழவரையும் தொண்டரையும் இணைக்கும் வலையமைப்பு ஒன்றைக் கண்டார். புதுக்கோட்டை ஜில்லாவில் தரிசு நிலத்தில் கொழுஞ்சிப் பண்ணை எழுந்தது. அங்கே போனவர் சொற்பொழிவு கேட்டதோடு நில்லாது, மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார். 2013-ஆம் வருஷக் கடைசியில் அவர் காலமானார். மேடைப் பேச்சால் அவரை அறிந்தவர் பலர். ஒரு கிராமத்து உழவனை இன்னொரு கிராமத்து உழவன் கொல்லைக்கு நடத்திச் சென்றதே அவர் செய்த பெருங்காரியம் என்பது நம் எண்ணம்.

பஞ்சகவ்வியத்தின் கதையும் இதனையொத்ததே. கோயிலில் தீர்த்தமாய்க் கொடுத்துவந்ததனைப் பயிருக்கேற்ப மாற்றிச் செய்து உழவரிடம் பரப்பியவர் கொடுமுடி மருத்துவர் நடராசன். உழவர் பலர் பயன் கண்டு சொன்னபின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் அதனை எடுத்துச் சோதித்து, நூறு பங்கு நீருக்கு மூன்று பங்கென அளவு குறித்தனர். கொல்லையிலிருந்து நிலையத்துக்கு ஏறிய அறிவு இது. கெண்டின் காப்பிச் செடிபோல. அளவும் நாளும் குறித்த காகிதமொன்று கிடைத்தபின், அதுவரை நகைத்திருந்த அயலாரும் ஒரு குடம் கலக்கிப் பார்த்தனர்.

தேசமளாவிய வலையும் பின்னர் வந்தது. 2004-05-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் இயற்கை வேளாண்மைக்கென ஒரு வலைத்திட்டத்தைத் தொடங்கி, மோதிபுரத்தைத் தலைமையிடமாக்கிப் பல ராச்சியங்களில் ஒரே ஒழுங்கில் சோதனை நடத்தியது. கோயமுத்தூர் அதில் ஒரு மையம். வெளிவந்த முடிவுகளின் சாரமாவது: பயிருக்குப் பயிர் பலன் வேறு, மாறும் காலத்தில் முதல் இரண்டு மூன்று வருஷம் விளைவு குறைதல் உண்டு, பிறகு பலவற்றில் ஒத்துவருதல் உண்டு, மண்ணின் உயிர்ச்சத்து பெரும்பாலும் உயர்கிறது. முதியவர் கேட்ட "எத்தனை போகம்" என்பதற்குச் சாஸ்திரம் தரும் விடை இவ்வளவே. ஒரு வருஷம் பார்த்துக் கைவிட்டவனும், ஒரு வருஷம் பார்த்துப் பெருமை பேசியவனும் ஒருங்கே தவறினர்.

இவ்வழியைத் தாண்டிக் குதித்தால் என்னாகும் என்பதை இலங்கை காட்டிற்று. 2021-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் அத்தேசத்துச் சர்க்கார் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்தியது. எருவுமில்லை, பழக்கமுமில்லை, மாறுவதற்குக் காலமுமில்லை. அவ்வருஷம் நவம்பரிலேயே தடை நீங்கியது. அதற்குள் நெல்லும் தேயிலையும் வீழ்ந்து, அரிசி தருவிக்க வேண்டியதாயிற்று. மலையகத்துத் தமிழ்த் தொழிலாளர் கூடையிலும் கொழுந்து குறைந்தது. இது இயற்கை வேளாண்மையின் தோல்வி என்று கொண்டாடுவாரும் உளர். சோதிக்காத ஆணையின் தோல்வி என்பதே பொருந்தும். நம் தீர்மானமும் அன்றே நிறைவேறியிருந்தால், சிறிய அளவில் அவ்வாணையாகவே இருந்திருக்கும்.

இனி நம் மலைக்கு வருவோம். பக்கத்துக் கொல்லிமலையில், 1990-களிலிருந்து சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலையாளிக் குடிகளோடு இருந்து, மரவள்ளி நெருக்கிய சாமை, தினை, வரகு விதைகளைத் திரும்பச் சேர்த்து, அவற்றைக் குத்திப் புடைக்கும் எந்திரங்களையும் கொணர்ந்தனர். எந்திரம் வந்தது சிறு காரியமன்று. சாமை குத்தும் வேலையாலேயே பெண்கள் அதனை வெறுத்திருந்தனர். அவ்வேலை குறைந்தபின்னரே விதைக்கும் மனம் வந்தது. ஆடவர் மாத்திரம் கூடிப் பேசும் நம் போன்ற சபைகள் இதனைக் கவனிக்க வேண்டும். ஏற்காட்டிலும் பல்கலைக் கழகத்துத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. காப்பி போர்டின் காரியாலயம் உண்டு. கிளியூரிலிருந்து இவை எட்டும் தூரமே. எனினும் நம்மவருள் உரக்கடைக்குப் போன கால்கள் எத்தனை, நிலையத்திற்குப் போன கால்கள் எத்தனை என்று எண்ணினால் விடை நமக்கு மகிழ்ச்சி தராது.

எரு எங்கே என்று கேட்பாரும் உளர், நியாயமான கேள்வி. மலையில் மாடு குறைந்துவிட்டது. ஆனால் சில்வர் ஓக்கும் பலாவும் உதிர்க்கும் சருகு, கவாத்துக் கழிவு, காப்பிப் பழத்தின் தொலி ஆகியவற்றைக் கணக்கிலெடுத்தவர் சிலரே. தொலியை ஓடையோரம் கொட்டி நீரைக் கெடுப்பதினும் இந்தூர் முறையில் அடுக்கினால், உள்ள கொஞ்சம் சாணம் பன்மடங்கு எருவாகும்.

சான்றிதழ் விஷயமும் உண்டு. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி, காப்பி மிளகு போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருஷம் மாறுகாலம் விதிக்கப்பட்டுள்ளது. அம்மூன்று வருஷமும் விளைவு குறையலாம், விலையோ உயராது. இக்குழியில்தான் சிறு குடியானவன் விழுகிறான். ஒருவராய்ச் சான்று பெறும் செலவு பெரிது. கோயமுத்தூரிலுள்ள சர்க்கார் சான்றளிப்புத் துறை மூலம் குழுவாய்ச் சேரலாம். உள்நாட்டு விற்பனைக்கு, ஐந்து பேருக்குக் குறையாமல் கூடி ஒருவர் கொல்லையை ஒருவர் பார்த்துச் சாட்சி சொல்லும் பங்கேற்பு முறையும் உண்டு. நம் சங்கம் போன்றதற்கு இப்பின்முறை பொருந்தும். உறவும் பகையும் அறிந்தவரிடையே பொய் சொல்லுதல் அரிது. மெய் சொல்லுதலும் சில சமயம் அரிது என்பதை மனத்தில் வைத்தே சொல்லுகிறோம். 2023-இல் தமிழ்நாட்டுச் சர்க்காரும் இயற்கை வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டுள்ளது.

மாசிக் கூட்டத்தின் பின் நிர்வாகக் கமிட்டியார் கூடி, ஒத்திவைத்த தீர்மானத்தை மாற்றி எழுதினர். கிளியூரில் மூன்று கொல்லைகளில் அரை அரை ஏக்கர் எடுத்து, ஒரே வயதுச் செடிகளில் ஒரு பாதி வழக்கப்படியும் ஒரு பாதி எருவும் தழையும் கொண்டும் நடத்துவது. காப்பி ஒரு வருஷம் நிறையக் காய்த்து மறுவருஷம் ஓய்வதாகையால், நான்கு பறிப்புகள் முடியும்வரை எவரும் வெற்றி தோல்வி பேசாதிருப்பது. பழத்தின் எடை, கூலி, எருச்செலவு, துளைத்த காயின் எண்ணிக்கை ஆகியவற்றை அவ்வப்போது எழுதுவது. எழுதியதை ஏற்காட்டு நிலையத்தார்க்கும் காப்பி போர்டாருக்கும் காட்டி அவர்கள் குறை சொல்லக் கேட்பது. கணக்கு எழுதும் பொறுப்பு அவ்வவ்வீட்டுப் பெண்மக்களிடம் விடப்பட்டுள்ளது. நோட்டுப் புத்தகங்கள் வாங்கியாயிற்று. மூன்று கொல்லைகளுள் இரண்டு, தீர்மானம் கொண்டுவந்த வாலிபர்களுடையவை. மூன்றாவது அந்த முதியவருடையது. வடபுறத்து அரை ஏக்கரைத் தாமே காட்டிக் கொடுத்திருக்கிறார்.